ஈரக்காற்று வீசும் ஊரில் ரோஸ்மேரியை உலர்த்துவது எப்படி?



கோடை விடுமுறைக்கு ஊருக்குச் சென்று, அப்படியே ஊட்டி, கோத்தகிரிப் பக்கமும் போய் வருகிறவர்கள் நம்மில் பலர் உண்டு. திரும்பும்போது தேயிலைப் பொட்டலத்தோடும் வர்க்கியோடும் ஒரு ரோஸ்மேரிக் கன்றையும் கையில் பிடித்துக்கொண்டு ஹவுரா ரயில் நிலையத்தில் இறங்குகிறார்கள். மே மாதத்தில் வந்த அந்தக் கன்று ஜூன் மாதம்வரை பசுமையாக நிற்கும். மழை தொடங்கியபின் கீழ் இலைகள் கறுக்கும். ஆகஸ்டு மாதத்தில் வெறும் குச்சி மாத்திரமே தொட்டியில் மிஞ்சும். "கல்கத்தா மண்ணுக்கு ஒத்துவரவில்லை" என்று சொல்லி நாமும் தொட்டியைக் காலி செய்துவிடுகிறோம்.

உண்மையில், ஒத்துவராதது மண் மட்டுமல்ல, பருவமும்கூட. ரோஸ்மேரி மத்தியதரைக் கடலோர நாடுகளின் செடி. அங்கே கோடையில் மழை இல்லை, குளிர்காலத்தில்தான் மழை. நம்முடைய கொல்கத்தாவிலோ கோடை முடியும் முன்பே வானம் திறந்துவிடுகிறது. ஆண்டுக்கு 1,600 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்யும் மழையில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலேயே பெய்துவிடுகிறது. அந்த நான்கு மாதம் வேர் ஈரத்தில் அழுகுகிறது. ஆகவே இந்த ஊரில் ரோஸ்மேரியைப் பல ஆண்டு வாழும் புதராக எண்ணாமல், நவம்பரில் தொடங்கி மார்ச்சு வரை பலன் தரும் குளிர்காலப் பயிராகவே எண்ணிக்கொள்ளுங்கள். அந்த மாதங்களில் கிடைக்கும் இலையை உலர்த்திப் பத்திரப்படுத்தினால் ஆண்டு முழுவதற்கும் சமையலறையில் இருக்கும்.

இப்படிச் செய்தவர் நமக்கு முன்னே ஒருவர் இருந்திருக்கிறார். வில்லியம் கேரி ஐயரைப்பற்றி அறியாத விசுவாசிகள் நம்முடைய சபைகளில் இருக்கமாட்டார்கள். 1793-ஆம் ஆண்டு வங்காளத்துக்கு வந்து, 1800 முதல் செராம்பூரில் தங்கி வேதத்தைப் பல மொழிகளில் பெயர்த்தார் என்பதை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். அவர் ஒரு பெரிய தோட்டக்காரர் என்பதை மாத்திரம் நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. இங்கிலாந்திலிருந்து வந்த விதைப் பை ஒன்றைக் காலி செய்தபின், அதில் ஒட்டியிருந்த மண்ணைச் செராம்பூர்த் தோட்டத்தின் நிழலான ஓரிடத்தில் உதறினார். சில நாட்களில் அங்கே முளைத்தது ஒரு டெய்சிச் செடி. தம்முடைய தாய்நாட்டுப் புல்வெளிகளில் சாதாரணமாகப் பூக்கும் அந்தச் சின்னஞ்சிறு பூவை அவர் கண்டு முப்பது ஆண்டுகளுக்கும் மேல் ஆகியிருந்தது. இனி ஒருபோதும் காணமாட்டோம் என்று எண்ணியிருந்தவருக்கு எவ்வளவு சந்தோஷமாய் இருந்திருக்கும் என்று, ஊரைவிட்டு வந்து வாழ்கிற நமக்குச் சொல்லவேண்டியதில்லை. இங்கிலாந்தில் ஆண்டுகள் பல வாழும் அந்தச் செடியை வங்காளத்தில் ஓராண்டுச் செடியாக மாத்திரமே காப்பாற்ற முடிந்தது. விதை எடுத்து, பருவம் வந்தபோது மறுபடியும் விதைத்தே அதை நிலைநிறுத்தினார்.

1820-ஆம் ஆண்டில் அவர் கல்கத்தாவில் தொடங்கிவைத்த விவசாயத் தோட்டக்கலைச் சங்கம் அலிப்பூரில் இன்றும் இருக்கிறது. மிருகக்காட்சிசாலைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்கிறவர்கள் அருகிலுள்ள அந்தத் தோட்டத்தையும் ஒருமுறை பார்த்து வாருங்கள். கன்றுகளுக்குக் காலிஃப் தெருச் சந்தைதான் பெயர்பெற்றது என்று பக்கத்து வீட்டார் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் அந்தச் சந்தை கூடுவது ஞாயிற்றுக்கிழமை காலையில். ஆராதனை நேரம் நமக்குத் தெரியுமே!

கன்றை அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ நடுங்கள். பூஜை விடுமுறைக்கு ஊருக்குப் போய் வருகிறவர்கள் கொண்டுவருவது இன்னும் நல்லது. இங்கே கிடைப்பது கங்கையின் வண்டல் மண். நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மூன்றில் ஒரு பங்கு பருமணலைக் கலந்து, அடியில் துளையுள்ள மண் தொட்டியில் வையுங்கள். மேல்மண் காய்ந்தபின் நீர் விட்டால் போதும். செடியைப்பற்றி இவ்வளவே. இனி இலையைப் பார்ப்போம்.

சித்திரை வெயில் என்னும் பழைய கணக்கு

நம்முடைய ஊரில் வற்றல், வடகம், மிளகாய், மாங்காய் எதுவானாலும் சித்திரை வைகாசி வெயிலில்தான் காயவைப்போம். அம்மா, ஆச்சி காலத்திலிருந்து வந்த பழக்கம். அதே பழக்கத்தை இங்கேயும் பின்பற்றுவதுதான் நம்மவர்கள் செய்யும் முதல் தவறு. ஏப்ரல், மே மாதங்களில் கொல்கத்தாவில் வெயில் கடுமையாகவே அடிக்கிறது. ஆனால் கடலிலிருந்து வரும் காற்றில் நீர் நிறைந்திருக்கிறது. நம்முடைய உடம்பின் வியர்வையே உலராத காற்றில் இலை எப்படி உலரும்? போதாததற்கு, மாலை நேரத்தில் முன்னறிவிப்பின்றிக் கால்பைசாகி புயல் வந்து மொட்டை மாடியில் உள்ளதை எல்லாம் நனைத்துவிடுகிறது.

வங்காளத்துப் பெண்கள் இதை நன்றாய் அறிந்திருக்கிறார்கள். அரைத்த பருப்பைச் சிறு சிறு கூம்புகளாகக் கிள்ளிவைத்துக் காயவைக்கிறார்களே, 'பொரி' என்று. நம்முடைய வடகத்துக்கு அது உடன்பிறந்த தங்கைபோன்றது. அதை அவர்கள் குளிர்காலத்தில் வைக்கிறார்கள். டிசம்பர், ஜனவரி மாதங்களில் மாடிகளைப் பாருங்கள். வெயில் இளவெயில்தான், ஆனாலும் வடக்கேயிருந்து வீசும் காற்று உலர்ந்த காற்று. பொருளை உலர்த்துவது வெயிலைக்காட்டிலும் காற்றே என்பதை இந்த ஊர் வந்தபின்தான் நான் கற்றுக்கொண்டேன். ரோஸ்மேரிக்கு இந்த உண்மை இரண்டு மடங்கு பொருந்தும். அதற்கு வெயிலே கூடாது.

ஏன் கூடாது என்றால், ரோஸ்மேரியின் மணம் அதன் இலையிலுள்ள எண்ணெயில் இருக்கிறது. சினியோல், கற்பூரம், பைனீன் ஆகியவை அதில் முக்கியமானவை. யூகலிப்டஸ் தைலத்தின் வாசனை சற்றே வீசுவதும் சினியோலால்தான். இவை எளிதில் ஆவியாகிறவை. வெயிலில் காயவைத்தால் இலை சீக்கிரம் காய்ந்துவிடும்; நிறம் வெளுத்து, மணம் போய், வைக்கோல் கையில் நிற்கும். 40 டிகிரிக்குமேல் சூடு படாமல், நிழலில், காற்றோட்டத்தில் உலரவேண்டும்.

நான் பட்ட வெட்கம்

இதைச் சொல்லாமல் மேலே எழுத என் மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை.

பல ஆண்டுகளுக்கு முன், என் தொட்டியில் ரோஸ்மேரி முதன்முறையாகச் செழித்து வளர்ந்தது. டிசம்பர் மூன்றாம் வாரம் பெரிய கட்டாக வெட்டி, கட்டுக்கட்டாகத் தொங்கவிட்டேன். நான்காம் நாள் தொட்டுப் பார்த்தேன். வெளி இலைகள் மொறுமொறுவென்று இருந்தன. கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்ட அவசரம். பன்னிரண்டு சிறு பாட்டில்களில் அடைத்து, சிவப்பு ரிப்பன் கட்டி, சபையின் சகோதரிகளுக்குப் பரிசாகக் கொடுத்தேன். அதோடு நிறுத்தினேனா? வீட்டுத்தோட்டத்தைக் கர்த்தர் ஆசீர்வதித்தார் என்று சபையில் எழுந்து சாட்சியும் சொன்னேன்.

ஜனவரி நடுவில் என்னுடைய பாட்டிலைத் திறந்தேன். கண்ணாடியின் உட்புறம் வேர்த்திருந்தது. இலைகளின் நடுவே பஞ்சுபோல் வெள்ளைப் பூஞ்சை. கட்டின் வெளியே காய்ந்திருந்தது, உள்ளே காம்பிலிருந்த ஈரம் போகவில்லை. அந்த ஈரம் பாட்டிலுக்குள் வெளிப்பட்டு எல்லா இலையையும் கெடுத்துவிட்டது.

என் பாட்டிலின் கதி இது என்றால் மற்றப் பன்னிரண்டின் கதி என்ன? யாரும் ஒன்றும் சொல்லவில்லையே, ஒருவேளை நன்றாகத்தான் இருக்கிறதோ என்று இரண்டு நாள் என்னை நானே தேற்றிக்கொண்டேன். பிறகு ஒவ்வொரு வீடாகப் போனேன். சிலர் திறக்கவே இல்லை. ஒருவர் முன்னமே எறிந்துவிட்டிருந்தார். வயதான விதவைச் சகோதரி ஒருவரோ, மேலே இருந்த பூஞ்சையை ஸ்பூனால் வழித்து எடுத்துவிட்டு, மீதியை வெயிலில் காட்டி, வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தார். "நீ ஆசையாய்க் கொடுத்ததம்மா, வீணாக்க மனம் வரவில்லை. சொன்னால் உனக்கு வருத்தமாய் இருக்குமே என்றுதான் சொல்லவில்லை" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டு அவர் வீட்டுத் திண்ணையில் நான் அழுதுவிட்டேன். தேவ கிருபையால் அவருக்கு ஒரு தீங்கும் வரவில்லை. அடுத்த ஞாயிறு, சாட்சி சொன்ன அதே இடத்தில் நின்று இதையும் சொன்னேன்.

வழித்து எடுத்துவிட்டால் போதும், வெயிலில் வைத்தால் சரியாகிவிடும் என்ற எண்ணம் நம்முடைய வீடுகளில் மிகவும் பரவலாக இருக்கிறது. மிளகாய்க்கும் மல்லிக்கும் கடலைக்கும் இதையே செய்கிறோம். சகோதரிகளே, அது தவறு. நாம் காணும் பஞ்சு பூஞ்சையின் ஒரு பகுதி மாத்திரமே. அதன் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே பரவியிருக்கும். 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. ஆராய்ந்தபோது, அவற்றின் தீவனத்திலிருந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் ஒருவகைப் பூஞ்சை விளைத்த நஞ்சே காரணம் என்று கண்டார்கள். அஃப்ளாடாக்சின் என்று இன்று அழைக்கப்படும் நஞ்சு அதுவே. ஈரலைக் கெடுக்கக்கூடியது. சமையல் சூட்டில் அது அழிந்துபோவதில்லை. எல்லாப் பூஞ்சையும் இந்த நஞ்சை உண்டாக்குவதில்லை என்பது மெய்தான். ஆனால் எது உண்டாக்கும், எது உண்டாக்காது என்று அடுக்களையில் நின்று பார்த்து அறிய நம்மால் ஆகாது. பூஞ்சை கண்டால் முழுப் பாட்டிலையும் எறிந்துவிடுங்கள். பாட்டிலைக் கொதிநீரில் கழுவி, நன்றாய் உலர்த்திய பின்னரே மறுபடி பயன்படுத்துங்கள்.

இப்போது நான் செய்யும் முறை

டிசம்பர் முதல் பிப்ரவரி நடுப்பகுதிக்குள், பனி காய்ந்து ஈரம் போன பிற்காலை வேளையில், பூ வருவதற்கு முன்னான கிளைகளை வெட்டுகிறேன். செடியில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் ஒரே சமயத்தில் எடுப்பதில்லை. பழுத்த கட்டைக்கிளையில் வெட்டினால் அது மறுபடி துளிர்ப்பது அரிது. நம்முடைய நகரத்தின் குளிர்காலத் தூசியும் புகையும் இலையில் படிந்திருக்குமாதலால், வெட்டுவதற்கு முந்தின நாள் காலையிலேயே செடிக்குத் தண்ணீர் தெளித்துக் கழுவிவிடுகிறேன். வெட்டியபின் கழுவினால் அந்த ஈரத்தைப் போக்க மேலும் இரண்டு நாள் ஆகும்.

ஒரு கட்டுக்கு ஐந்து அல்லது ஆறு கிளைகளே. நான் முன்பு செய்த தவறு பெரிய கட்டு கட்டியதுதான். நூலுக்குப் பதிலாக ரப்பர் பேண்டு போடுங்கள். காம்பு காயக் காயச் சுருங்கும், நூல் தளர்ந்து கிளைகள் நழுவி விழும், ரப்பரோ கூடவே சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். கட்டைத் தலைகீழாக ஒரு காகிதப் பைக்குள் விட்டு, பையில் பத்துப் பன்னிரண்டு துளைகள் இட்டு, வெயில் படாத, காற்று வரும் அறையில் தொங்கவிடுங்கள். சமையலறையில் வேண்டாம், சோறு வடிக்கும் ஆவியும் தாளிக்கும் எண்ணெய்ப் புகையும் அங்கேதான் இருக்கின்றன. இரவில் பனிமூட்டம் இறங்கும் நாட்களில் சன்னலை அடைத்துவிடுங்கள். ஒற்றை அறையில் குடியிருப்போர் கட்டிலுக்குமேல் கயிறு கட்டித் தொங்கவிடலாம். அறை முழுவதும் மணக்கும், பிள்ளைகள் சிரிப்பார்கள்.

இரண்டு வாரம் ஆகும். மூன்று வாரம் ஆனாலும் அவசரப்படவேண்டாம். இலையைத் தொட்டுச் சோதித்தால் நம்மை ஏமாற்றிவிடும், காம்பைச் சோதியுங்கள். கட்டின் நடுவிலுள்ள கிளையை எடுத்து வளையுங்கள். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. 'டக்' என்று ஒடிந்தால் ஆயிற்று.

பின்பு இலைகளை உருவி, முழு இலையாகவே ஒரு கண்ணாடிப் பாட்டிலில் முக்கால் அளவுக்குப் போட்டு மூடுங்கள். பொடியாக்கினால் எண்ணெய்ப் பைகள் உடைந்து மணம் சீக்கிரம் போய்விடும். சமைக்கும்போது உள்ளங்கையில் வைத்துக் கசக்கிக்கொள்ளலாம். இந்தப் பாட்டிலை ஒரு வாரம் கண்ணுக்கு முன்னாலேயே வைத்திருங்கள். தினமும் காலையில் கண்ணாடியின் உட்புறத்தைப் பாருங்கள். ஒரு பொட்டு நீராவி தெரிந்தாலும் இலைகளைக் கொட்டி மறுபடி உலர்த்துங்கள். அந்த ஒரு வாரக் காத்திருப்பைத்தான் அன்று நான் செய்யாமற்போனேன். வாரம் முழுவதும் கண்ணாடி தெளிவாக இருந்தால், சிறு சிறு பாட்டில்களாகப் பிரித்து, நாள் எழுதி, அடுப்புக்குத் தூரமான இருட்டு அலமாரியில் வையுங்கள். ஒரே பெரிய பாட்டிலை ஆண்டு முழுவதும் திறந்து மூடினால், ஒவ்வொரு முறையும் ஆடி மாத ஈரக்காற்று உள்ளே போகும். சிறு பாட்டில் என்றால் கெட்டாலும் ஒன்றுதான் கெடும்.

ஒரு ஸ்பூன் அரிசியை வெறும் சட்டியில் வறுத்து, ஆறவிட்டு, சிறு துணியில் முடிந்து பாட்டிலுக்குள் போடுவது நம்முடைய உப்பு ஜாடிப் பழக்கம். அதை இங்கேயும் செய்யலாம்; மாதம் ஒருமுறை அரிசியை மாற்றவேண்டும். ஆனால் அது காய்ந்த இலையைக் காக்குமேயன்றி ஈர இலையைக் காயவைக்காது.

மழைக்காலத்தில் செடி சாகப்போகிறது, இலையை எப்படியாவது எடுக்கவேண்டும் என்றால் காற்றில் தொங்கவிடுவது வீண். பனி உறையாத வகைக் குளிர்பெட்டி வீட்டில் இருந்தால், கிளைகளைக் காகிதப் பையில் இட்டு, அதன் மேல்தட்டில் மூடாமல் வைத்துவிடுங்கள். அந்தப் பெட்டிக்குள் ஓடும் காற்று மிகவும் உலர்ந்தது. இரண்டு மூன்று வாரங்களில் இலை பச்சை நிறம் மாறாமலே உலர்ந்துவிடும். பக்கத்தில் மீன் வைக்காதீர்கள். வங்காளத்து இல்ஷா மீனின் வாசனை ரோஸ்மேரியில் ஏறினால் இரண்டுக்கும் நல்லதல்ல.

இன்னும் ஓர் எச்சரிக்கை. கண்ணாடிக் குப்பியில் எண்ணெய் ஊற்றி, அதற்குள் பச்சை ரோஸ்மேரிக் கிளையை நிறுத்தி, அலமாரியில் அழகுக்கு வைக்கும் வழக்கம் படங்களைப் பார்த்துப் பரவிவருகிறது. பச்சை இலையிலுள்ள ஈரமும், எண்ணெய்க்கடியில் காற்றில்லாத நிலையும் சேர்ந்தால் போட்டுலிசம் என்னும் நோயை விளைக்கும் கொடிய நஞ்சை உண்டாக்கும் கிருமி வளர இடமுண்டு. அது வாசனையில் தெரியாது, ருசியிலும் தெரியாது. பச்சை இலையை எண்ணெயில் வைக்க விரும்பினால், ஐஸ் கட்டித் தட்டில் ஊற்றி உறையவைத்தே வையுங்கள். வேண்டும்போது ஒரு கட்டியை நேரே சட்டியில் போடலாம்.

அடுக்களையில்

உலர்ந்த இலை ஒரு டீஸ்பூன் என்பது பச்சை இலை மூன்று டீஸ்பூனுக்குச் சமம். இதை மறந்து அள்ளிப் போட்டுவிட்டு, "மருந்து வாடை அடிக்கிறது" என்று வெறுத்தவர்கள் பலர். அரைக் கிலோ கோழிக்கு அரை டீஸ்பூன் போதும். பூண்டு, மிளகு, எலுமிச்சைச் சாற்றுடன் பிசறி ஒரு மணி நேரம் ஊறவைத்து வறுத்துப் பாருங்கள். குளிர்காலத்தில் இங்கே சந்தைக்கு வரும் கோலிக்குண்டு அளவான புது உருளைக்கிழங்கைத் தோலோடு வேகவைத்து, வெண்ணெயில் புரட்டி, கசக்கிய இலையைத் தூவினால் பிள்ளைகள் கேட்டு வாங்கி உண்பார்கள். ஆட்டுக்கறி சாப்ஸுக்கும் பருப்பு சூப்புக்கும் பொருந்தும். சாம்பாருக்கும் ரசத்துக்கும் வேண்டாம். அங்கே கறிவேப்பிலைக்குப் பதிலாக எதுவும் நில்லாது. அதுதான் லேக் மார்க்கெட்டில் தாராளமாய்க் கிடைக்கிறதே.

ரோஸ்மேரியைக் கொதிக்கவைத்த நீரை முடிக்குத் தெளிக்கும் வழக்கம் இந்நாட்களில் எங்கும் பேச்சாயிருக்கிறது. அதுபற்றி நான் தீர்ப்புச் சொல்லவரவில்லை. கடையில் விற்கும் ரோஸ்மேரித் தைலத்தை உள்ளுக்கு மட்டும் சாப்பிட்டுவிடாதீர்கள். கர்ப்பவதிகளும் வலிப்பு நோயுள்ளவர்களும் சமையலில் சேர்க்கும் அளவுக்குமேல் மருந்தாக எதையும் எடுக்கவேண்டாம்.

ஒரு சகோதரி என்னிடம், "இது மரியாளின் பெயரிலுள்ள செடியாமே, நாம் வளர்க்கலாமா?" என்று கேட்டார். லத்தீன் மொழியில் 'கடலின் பனி' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. மரியாள் தன் நீல மேலாடையை விரித்ததால் பூ நீலமாயிற்று என்பது பிற்காலத்தார் கட்டிய கதை, வேதத்தில் இல்லை. ரோஸ்மேரியே வேதத்தில் இல்லை. ஆனால் அதன் குடும்பத்தார் இருக்கிறார்கள். பரிசேயர் தசமபாகம் செலுத்தியதாக மத்தேயு 23-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிற ஒற்தலாம் புதினா வகை. பஸ்கா இரத்தத்தைத் தெளிக்கப் பயன்பட்ட ஈசோப்பும், அறிஞர் பலருடைய கருத்துப்படி, ஓரிகானோவைச் சேர்ந்த செடி. இரண்டும் ரோஸ்மேரியின் இனமே.

இலை உருவியபின் மிஞ்சும் காய்ந்த காம்புகளை எறிந்துவிடாதீர்கள். கரி அடுப்பில் மீனோ கோழியோ சுடும்போது தணலில் நாலைந்து போட்டால் புகை மணக்கும். மாடியில் அடுப்பு மூட்ட இடமில்லாதவர்கள் துணி அலமாரியில் ஒரு துணியில் கட்டி வைக்கலாம். பழைய பாட்டிலில் மணம் குறைந்துவிட்ட இலையும் அங்கே போகலாம். சரியாகக் காய்ந்த இலை ஓராண்டு நன்றாயிருக்கும், அதற்குமேல் ருசிக்கு உதவாது. டிசம்பரில் புதிய கட்டு தொங்கும்போது பழைய பாட்டில் காலியாகவே இருக்கட்டும்.